பெல்ட்டிலிருந்து வந்த வினிகர் வாசம்

பிரிட்டனில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் பழைய உலோகப் பொருட்களைப் பராமரிப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்மணி தன் பாட்டியின் தோல் பெல்ட்டைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் பாட்டி ஏ.டி.எஸ். என்ற பெண்கள் படையில் ஜூனியர் கமாண்டர், அதாவது கேப்டனுக்குச் சமமான அதிகாரி. 1938 செப்டம்பரில் தொடங்கிய படை அது. விமான எதிர்ப்புப் பிரிவுகளில் அந்தப் பெண்கள் எதிரி விமானத்தின் உயரத்தைக் கணித்துச் சொல்வார்கள், ஆண்கள் சுடுவார்கள். அப்படிக் கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்த தொப்பி பேட்ஜ்களைப் பாட்டி பெல்ட் முழுக்கக் குத்தி வைத்திருந்தார்.

பெட்டியைத் திறந்ததுமே வினிகர் வாசம். காரணம் ஒரே ஒரு பேட்ஜ்: பழுப்பு நிற பிளாஸ்டிக்கில் செய்த பீரங்கிப் படைச் சின்னம். போர்க்காலத்தில் உலோகம் தட்டுப்பாடானதால் பிரிட்டன் பல படைகளின் பேட்ஜ்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. இது செல்லுலோஸ் அசிட்டேட். வயதாக ஆக இந்த பிளாஸ்டிக் தானாகச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தேங்கி, அந்த பேட்ஜின் பின்னால் இருக்கும் பித்தளைக் கால்களையும் பக்கத்து பேட்ஜ்களையும் சேர்த்தே அரிக்கும்.

பித்தளையில் இருந்த பச்சை எல்லாமே அந்த அமிலத்தின் வேலை இல்லை. தோலில் இருக்கும் கொழுப்பும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்தால் மெழுகு மாதிரி ஒரு களிம்பு படியும். அதை மூங்கில் குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம். அமிலம் அரித்த இடத்தில் உலோகமே போயிருக்கும், திரும்ப வராது.

கொண்டுவருவதற்கு முன் அந்தப் பெண்மணி நான்கு பேட்ஜ்களைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கியிருந்தார். பித்தளை என்றாலே புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான், அவர் மனசு எனக்குப் புரிந்தது. ஆனால் ஒன்றில் கிரீடத்தின் வளைவே மழுங்கிவிட்டது. 1953-க்குப் பிறகு பிரிட்டிஷ் பேட்ஜ்களில் கிரீடத்தின் வடிவம் மாறியது. முந்தையதில் மேல் வளைவு உருண்டு நிற்கும், பிந்தையதில் நடுவே குழியும். இது போர்க்கால பேட்ஜா, பிறகு வந்ததா என்று சொல்லும் முக்கியமான அடையாளம் அந்த வளைவுதான்.

தயவுசெய்து தேய்க்காதீர்கள். பெல்ட்டிலிருந்து எதையும் கழற்றும் முன் முன்னும் பின்னும் படம் எடுங்கள். யார் கொடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். வினிகர் வாசம் வரும் பேட்ஜை மட்டும் பிரித்து, அமிலமில்லாத காகிதத்தில் வைத்து, காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் தனியாக வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், அதுவும் அமிலம் விடும்.

சரி, அந்த பெல்ட்? பீரங்கி பேட்ஜ் இப்போது தனிப் பெட்டியில் இருக்கிறது. அது இருந்த இடத்தில் அதே அளவில் ஒரு காகித வடிவம் வெட்டி வைத்திருக்கிறேன், தோலில் அதன் கால்கள் போட்ட இரண்டு துளைகளும் தெரிகிற மாதிரி.