தொழுநோய் குணமான பின் எஞ்சும் ஊனத்திற்கு ஓ.கே.யு. அட்டை

தொழுநோய்க்கு மருந்துண்டு குணமடைந்த பின்னும் விரல்கள் மடங்கியோ பாதம் தொங்கியோ வாழும் மலேசியக் குடிமக்கள், சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து ஓ.கே.யு. அட்டை (மலாயில் ‘ஓராங் குராங் உப்பாயா’, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை) பெறலாம். ‘நோய்தான் போய்விட்டதே, இனி எதைச் சொல்லி விண்ணப்பிப்பது’ என்று தயங்குவோர் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மிடையே உண்டு. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டைத்தான் கருதுகிறது; கிருமி உடலில் இன்னும் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

கூட்டு மருந்து சிகிச்சை, நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்களில் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் நரம்புகளுக்கு நேர்ந்துவிட்ட சேதத்தை அம்மருந்து சீராக்காது. முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பு பழுதானால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நகம்போல் வளைகின்றன. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாகச் செல்லும் நரம்பு பழுதானால் பாதத்தைத் தூக்கி வைக்க முடிவதில்லை. முகநரம்பு பாதிக்கப்பட்டால் இமை மூடாமல் கருவிழி காய்ந்து, பார்வையே கெடலாம். விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று ஊரில் சொல்வது சரியன்று: சூடும் வெட்டும் உறைக்காத விரலில் புண் மேல் புண்ணாகி, எலும்பு கரைந்து, விரல் குறுகுகிறது. நரம்பு வீக்கம் புதிதாக இருந்தால் வீக்கத்தைத் தணிக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையால் ஓரளவு மீளக்கூடும் என்பதால், ஊனம் நிரந்தரமானதா என்பதை மருத்துவர் உடனே முடிவு செய்யாமல் போகலாம்.

ஓ.கே.யு. பதிவில் ஏழு பிரிவுகள் உள்ளன. கை, கால் ஊனம் உடல் குறைபாட்டுப் பிரிவில் சேரும். கட்டைவிரலை இழந்திருப்பதும் இதில் அடங்கும். கண்ணாடி அணிந்தும் பார்வை குறைவாக இருந்தால் அது பார்வைப் பிரிவு. கையும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்பட்டோருக்குப் பல்வகைக் குறைபாட்டுப் பிரிவு இருக்கிறது.

விண்ணப்பப் படிவத்தில் மருத்துவர் கையொப்பமும் முத்திரையும் இட வேண்டும். இங்குதான் கவனம் தேவை என்பேன். தொழுநோய் ஊனத்திற்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவீட்டில், உணர்விழப்பு இருந்தும் கண்ணுக்குத் தெரியும் ஊனம் இல்லாத நிலை முதல் தரம். தெரியும் ஊனம் இரண்டாம் தரம். முதல் தரத்தினரின் சிரமம் பார்த்தவுடன் புலப்படாது. ஆகவே சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, தே தாரிக் குவளையின் சூடு தெரியாமல் கை வெந்துவிடுகிறது, செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை என்று அன்றாடச் செயல்களை மருத்துவரிடம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். அவை மட்டுமே அட்டையை உறுதி செய்துவிடா. எனினும் மருத்துவரின் மதிப்பீட்டுக்கு அவைதாம் உதவும்.

அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சும் குடும்பங்கள் ஒன்றை அறிய வேண்டும்: அட்டையில் குறைபாட்டின் பிரிவு மட்டுமே அச்சிடப்படுகிறது, எந்த நோயால் வந்தது என்பது அதில் இராது.

அட்டை கிடைத்ததுமே மாதாந்தர உதவித்தொகை வந்துவிடாது; அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குறைந்த வருமானத்தில் வேலை செய்யும் ஓ.கே.யு.வினருக்கான அலவன்ஸ் 2021 வரவு செலவுத் திட்டத்தில் 400 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 450 வெள்ளியாகவும், வேலை செய்ய இயலாதோருக்கான உதவி 250 வெள்ளியிலிருந்து 300 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டன. வருமான வரி கட்டுவோருக்கு, 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் மாற்றுத்திறனாளிக்காக, வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழிக்கப்படும் கூடுதல் தொகை 7,000 வெள்ளியாகும்.