சொன்னது போதாது, ஜாப் கார்டில் ஏற வேண்டும்

வாரண்டி முடிந்து சில வாரங்களே ஆன ஒரு காரின் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்து அண்மையில் அறிக்கை எழுதினேன். உரிமையாளர் சொன்னது இது: "வாரண்டி இருந்தபோதே ஒவ்வொரு சர்வீஸிலும் இந்த இரைச்சலைச் சொன்னேன். ஓட ஓடச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள்." அவரை நான் நம்புகிறேன். பேரிங் தேய்ந்திருந்த விதமும், கியர் ஆயிலில் கலந்திருந்த உலோகத் துகளும் சில வாரங்களில் வந்தவை அல்ல. ஆனால் அவருடைய ஜாப் கார்டுகள், அதாவது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது எழுதும் பணிச்சீட்டுகள், ஒவ்வொன்றிலும் 'வாடிக்கையாளர் புகார்' என்ற கட்டத்தில் "பொது சர்வீஸ், வாட்டர் வாஷ்" என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து. நிறுவனம் அனுப்பிய பதில் ஒரே வரி: வாரண்டிக் காலத்தில் இப்படி ஒரு புகார் பதிவாகவில்லை.

பழுதான வண்டிகளைச் சோதித்து, காரணம் என்ன, பொறுப்பு யாருடையது என்று அறிக்கை தருவது என் தொழில். வண்டியும் பெயரும் மாறுகின்றன. இந்த வழக்கு மட்டும் மாறாமல் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது. இயந்திரம் உரிமையாளர் பக்கம் சாட்சி சொல்கிறது, காகிதம் எதிர்ப்பக்கம் சொல்கிறது. காகிதம்தான் ஜெயிக்கிறது. பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

வருகிறவர்களில் பலர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "நான் எதற்காகக் காகிதத்தைச் சேர்த்து வைக்க வேண்டும்? எல்லாம் அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்கிறதே!"

இல்லை. இதை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது, உங்கள் புகாரைக் கேட்டு எழுதும் சர்வீஸ் அட்வைசர் தட்டி ஏற்றிய விவரம் மட்டுமே. காலை நேரத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். நீங்கள் கையை ஆட்டி ஆட்டி விளக்கிய சத்தம் அவர் விரலுக்கு வரும்போது இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடும், அல்லது ஏறாமலே போய்விடும். அவர் உங்களை ஏமாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கத் தேவையில்லை. அவசரமே போதும்.

அடுத்து, டீலர் வேறு, தயாரிப்பு நிறுவனம் வேறு என்பதையே பலர் யோசிப்பதில்லை. வாரண்டி தருவது நிறுவனம். வேலை செய்வது டீலர். வேலையை முடித்துவிட்டு, அதற்கான பணத்தை டீலர் நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். ஆதாரம் போதவில்லை என்று நிறுவனம் மறுத்தால் அந்தச் செலவு டீலர் தலையில் விழும். பதிவு இல்லாத புகாரை வாரண்டியில் எடுக்க அவர் தயங்குவதற்கு இதுதான் காரணம். நிறுவனத்தின் மையக் கணினிக்குப் போவது பல நேரங்களில் தேதி, ஓடிய தூரம், செய்த சர்வீஸ் வகை அளவில் நின்றுவிடும். நீங்கள் சொன்ன குறையின் விவரம் அந்தக் கிளையோடு தங்கிவிடும். அந்த டீலர் கடையை மூடினாலோ, உரிமம் கைமாறினாலோ விவரமும் போனது போனதுதான்.

தகராறு என்று வந்துவிட்டால், அந்தக் கணினி இருப்பது யார் கையில்? எதிர்த்தரப்பின் கையில். நிலத்தகராறில் எதிராளி வீட்டுப் பெட்டியிலேயே உங்கள் மூலப் பத்திரத்தை வைத்துப் பூட்டச் சொல்வீர்களா? வண்டிக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்கிறீர்கள்?

ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். அவசரமாக அலுவலகம் போக வேண்டும் என்றாலும் படியுங்கள். சொன்ன குறை அதில் இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். 'சத்தம் வருகிறது' என்று எழுதினால் பயன் இல்லை. எந்த வேகத்தில், எந்த கியரில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, திருப்பும்போதா நேராகப் போகும்போதா என்பதெல்லாம் வர வேண்டும். சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஓடோமீட்டர் எண்ணும் தெரியும்படி படம் எடுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே, "இன்று இந்தக் குறையைச் சொல்லி வண்டியை விட்டேன்" என்று சர்வீஸ் சென்டருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதியிட்ட அந்த நான்கு வரி பிற்பாடு எவ்வளவு பெரிய ஆயுதம் என்று உங்களுக்குத் தெரியாது.

"குறை எதுவும் தென்படவில்லை என்று எழுதித் தருகிறார்கள், அதை வைத்து என்ன செய்வது?" என்று கேட்டுக் கிழித்துப் போட்டவர்களும் உண்டு. அதுதான் தங்கமான காகிதம்! நீங்கள் புகார் சொன்னீர்கள், அவர்கள் பார்த்தார்கள், கண்டுபிடிக்கவில்லை என்பதை அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதே பாகம் வாரண்டி முடிந்து ஒரு மாதத்தில் உடைந்தால், குறை முன்பே இருந்தது என்று வாதிட உங்களுக்குப் பிடிமானம் அந்தத் தாள்தான். வாரண்டி முடிந்த பிறகும் நல்லெண்ண அடிப்படையில் செலவில் ஒரு பங்கை ஏற்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கும் முதலில் கேட்பது சர்வீஸ் வரலாற்றைத்தான்.

அடுத்தது, தவறவிட்ட சர்வீஸ். கையேட்டில் '10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது' என்று இருந்தால், வண்டி 3,000 கி.மீ. மட்டுமே ஓடியிருந்தாலும் ஓராண்டில் ஆயில் மாற்ற வேண்டும். "ஓடவே இல்லையே" என்பது வாதமாகாது. குறைந்த தூரம் ஓடி நிற்கும் வண்டியில் ஆயில் முழுச் சூடு ஏறுவதில்லை. ஈரமும் எரிபொருளும் ஆயிலோடு கலந்து தங்கிவிடும். கசடு படிந்த இன்ஜின்களில் இப்படி ஓடாத வண்டிகளையும் நிறையப் பார்க்கிறேன்.

வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்ற பயத்தையும் சொல்ல வேண்டும். இதில் டீலர்கள் பேசுவது சில நேரம் சட்டத்தை மீறிய பேச்சு. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம், பொதுவாக, தன் பாகத்தையோ தன் பணிமனையையோ மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. இந்தியாவில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில், வெளியே பழுது பார்த்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. அது மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு விஷயம். இதையெல்லாம் படித்துவிட்டு, பில்லே தராத பணிமனைக்கு வண்டியை ஓட்டிப் போகாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், நடந்த வேலையைக் காட்ட வேண்டியது நீங்கள்தான். பில்லில் வண்டிப் பதிவு எண், தேதி, ஓடோமீட்டர் எண், ஆயிலின் தரக்குறியீடு, ஊற்றிய அளவு, ஃபில்டரின் பாக எண் இருக்க வேண்டும். 'ஆயில் சர்வீஸ்' என்று மொட்டையாக எழுதிய துண்டுச் சீட்டு எந்த வண்டிக்கும் பொருந்தும். அதனாலேயே உங்கள் வண்டிக்கு உதவாது. வெப்பத்தாளில் அச்சடித்த பில் காலப்போக்கில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

என் தொழிலில் ஒரு கோப்பு வந்ததும் நான் முதலில் பார்ப்பது ஓடோமீட்டர் வரிசையை. தேதி முன்னால் போக, கிலோமீட்டர் பின்னால் போயிருந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். தகராறு வந்த பிறகு நண்பரின் பணிமனையில் ஒரே மாலையில் எழுதிய பழைய பில்கள் எப்படி இருக்கும் என்று சோதிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரே பேனா, ஒரே கை, அடுத்தடுத்த பில் எண்கள். கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். ஒரு பொய்ப் பில் உங்கள் உண்மைப் பில்கள் அத்தனையையும் கெடுத்துவிடும்.

பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் போன்ற தேய்மானப் பொருள்களுக்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்; தயாரிப்புக் குறை என்று காட்ட முடிந்தாலொழிய கிடைக்காது. வெளியே வாங்கிய விளக்குக்காகவும் ஹாரனுக்காகவும் வயரை வெட்டி ஒட்டினால் மின்பழுதுகளில் உங்கள் வாதம் பலவீனமாகும். இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுபவர்களுக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. பழையபடி மாற்றி வைத்தாலும் பல வண்டிகளில் தடம் தெரியும்.

பழுது வந்துவிட்டது என்றால்: ஆயில் அழுத்த விளக்கோ சூட்டு விளக்கோ சிவப்பாக எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். "வீடு பக்கம்தானே" என்று ஓட்டிப்போனால், முதல் பழுது வாரண்டியில் இருந்தாலும் அதன் பின் ஏற்பட்ட சேதம் உங்களுடையது என்பார்கள். அதை மறுத்து அறிக்கை எழுத என்னாலும் முடியாது. வண்டியின் கணினியில் பதிவாகும் பழுதுக் குறியீட்டை அழித்துப் பார்க்கலாம் என்று யாரையும் தொட விடாதீர்கள். பழுது வந்த நேரத்து வேகம், சூடு, இன்ஜின் சுழற்சி எல்லாம் அதோடு பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போகும். இன்ஜினைப் பிரிக்கச் சம்மதம் கேட்டால், வாரண்டி மறுக்கப்பட்டால் பிரித்த கூலி யாருடையது என்று எழுதி வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள். பிரிக்கும்போது நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ அருகில் இருக்கக் கேளுங்கள். கழற்றிய பாகங்களையும் வடித்த ஆயிலில் ஒரு சிறு பாட்டிலையும் வைத்திருக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். பாகம் பழைய இரும்புக்குப் போன பிறகு என்னிடம் வந்தால் நான் எதைச் சோதிப்பது?

மறுப்பை வாய்மொழியாக ஏற்காதீர்கள். எந்தப் பாகம், என்ன காரணம், வாரண்டிக் கையேட்டின் எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதும் மறுபரிசீலனைக்குப் போன வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். எழுதித் தந்தால், சுதந்திரமான சோதனையாளரும் நுகர்வோர் அமைப்பும் அந்தக் காரணத்தை வைத்துத்தான் வேலையைத் தொடங்க முடியும். சர்வீஸ் அட்வைசரிடம் கத்தாதீர்கள். முடிவு அவர் கையில் இல்லை, உங்கள் புகாரைச் சரியாக எழுதுவது மட்டும் அவர் கையில் இருக்கிறது.

உங்கள் வண்டிக்கு இன்னும் வாரண்டி இருக்கிறதா? அப்படியானால் பழைய ஜாப் கார்டுகளை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். நீங்கள் சொல்லியும் பதிவாகாத குறை ஏதாவது இருந்தால், வாரண்டி முடியும் தேதிக்கு முன் வண்டியைக் கொண்டுபோய் அதைத் தனிப் புகாராக எழுத வைத்து, நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.