பெட்டிக்குள் ஓர் உறுமல்

பழைய புகைப்படம் ஒன்றை அனுப்பி, "இத்தனை கிராமபோன்களை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரிய மரப்பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அகன்ற குழல். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் உள்ளே இசைத்தட்டும் இல்லை, ஊசியும் இல்லை.

இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோவும் நண்பர் உகோ பியாட்டியும் செய்த இரைச்சல் கருவிகள் இவை. பெயர் 'இன்டோனாருமோரி'. ஆலைக்கும் டிராமுக்கும் பழகிவிட்ட காதுக்கு வயலின் போதாது என்று 1913 மார்ச்சில் ருஸ்ஸோலோ அறிக்கையே எழுதினார். சரி, எழுதியாகிவிட்டது, சத்தத்துக்கு எங்கே போவது?

பெரும்பாலான பெட்டிகளுக்குள் ஒரே ஒரு தந்திதான். அதன் ஒரு முனை, மேளம்போல் இழுத்துக் கட்டிய தோலில் போய் முடியும். வெளியே கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே சக்கரம் சுழன்று தந்தியை உரசும். உரசல் என்றதும் மழமழவென்று வழுக்குவதாக நினைத்துவிடாதீர்கள். சக்கரம் தந்தியைப் பற்றி இழுக்கிறது. இழுவை எல்லை மீறியதும் தந்தி நழுவிப் பின்னால் துள்ளுகிறது. மறுகணமே மறுபடி மாட்டிக்கொள்கிறது. நொடிக்கு நூறு, இருநூறு முறை இந்தப் பிடியும் நழுவலும்! தோல் அத்தனையையும் வாங்கி அதிர, குழல் அதை அரங்குக்குள் தள்ளிவிடுகிறது. நம் உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது நடப்பதும் இதுதான்; எண்ணெய் காணாத கதவுக் கீலில் நடப்பதும் இதுதான்.

பெட்டியின் மேலே ஒரு நெம்புகோல். தள்ளினால் தந்தி இறுகி, சுருதி சைரன்போல் வழுக்கிக்கொண்டே ஏறும். சக்கரத்துக்குப் பல் வைத்துவிட்டால் அது தந்தியை உரசாமல் சுண்டும். தவளைக் கத்தல் கேட்கும். அந்தக் கருவிக்குக் 'கத்துவான்' என்ற பொருளில் 'கிராசிடாத்தோரே' என்று பெயர். ஊளையிடுவது 'உலுலாத்தோரே'. உறுமுவதை உறுமி என்றே அழைக்கும் நமக்கு இது வேடிக்கையாக இருக்காது.

1914 ஏப்ரலில் மிலானின் தால் வெர்மே அரங்கில் கச்சேரி வைத்தார்கள். அது அடிதடியில் முடிந்தது.

அசல் கருவிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓவியத்தைக் காப்பாற்றக் கிடைக்கும் பணம் கருவியைக் காப்பாற்றக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் புலம்பல். 2009-இல் இசையமைப்பாளர் லுசியானோ கெஸ்ஸா பழைய ஆதாரங்களைத் தேடிப்பிடித்து அவற்றை மறுபடி செய்துகாட்டினார். ஆனால் ருஸ்ஸோலோ காலத்துச் சத்தமே வேண்டும் என்றால், அவருடைய அண்ணன் அந்தோனியோ 1921-இல் வாத்தியக்குழுவோடு சேர்த்துப் பதிவுசெய்ததைத்தான் கேட்க வேண்டும். அது ஒரு கிராமபோன் தட்டு.