மூடாக்கை அள்ளிவிட்டு கோர்ட் போடுவதற்கு முன்னால்

வீடுகளுக்கு விளையாட்டுத் தளம் போட்டுக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பலரும் ஏறக்குறைய ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். கொல்லைப்புறத்தில் மண்ணை மூடி மரச்சில்லு பரப்பி மூடாக்கு போட்டோம், அது மட்கி மட்கி இறங்கிவிடுகிறது, வருஷா வருஷம் வாங்கிக் கொட்ட வேண்டியிருக்கிறது, பிள்ளைகளால் அதன்மேல் ஒரு பந்தைக்கூடத் தட்ட முடியவில்லை. எல்லாவற்றையும் அள்ளிவிட்டு ஒரு கோர்ட் போட்டுவிடலாமா?

போடலாம். பந்து துள்ளவும், ஓடிவந்து காலை ஊன்றித் திரும்பவும் கெட்டியான சமதளம் வேண்டும். மூடாக்கு அதற்கு ஆகாது. ஆனால் அந்த மூடாக்கு இப்போது உங்கள் கொல்லையில் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்காமல் அதில் கை வைக்காதீர்கள். இதைத்தான் எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்.

ஊஞ்சல், ஏறி விளையாடும் சட்டம், சறுக்குமரம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதன் கீழே கிடக்கும் மரச்சில்லு அழகுக்காகக் கிடக்கவில்லை. மேலிருந்து விழும் பிள்ளையின் தலையைக் காப்பதற்காகக் கிடக்கிறது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத்திடல் கையேடு, அமுங்கிய நிலையில் 9 அங்குலம் இருக்கும் மரச்சில்லு 10 அடி உயரம் வரையிலான வீழ்ச்சியைத் தாங்கும் என்கிறது. கான்கிரீட்டும் தாரும் அந்த இடத்தில் கூடவே கூடாது என்றும் சொல்கிறது. ஏறி விளையாடும் சட்டத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 6 அடிக்கு இந்த மெத்து இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம். கான்கிரீட் மேல் பொருத்தும் பிளாஸ்டிக் டைல் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. அது ஓடுகிறவர்களின் முழங்காலுக்கானது. ஊஞ்சலை நகர்த்த இடமில்லை என்றால் கோர்ட்டைச் சின்னதாக்குங்கள், ஊஞ்சலடியை விட்டுவிடுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம் மரம். மரத்துக்கு உணவும் நீரும் எடுத்துத் தரும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடி ஆழத்துக்குள் பரந்து கிடக்கின்றன. கிளைகளின் விளிம்பைத் தாண்டியும் போகின்றன. தளத்துக்காக ஓர் அடி தோண்டினாலே அவற்றை வெட்டிவிடுகிறோம். மேலே கான்கிரீட் மூடிவிட்டால் மிச்சமிருக்கும் வேருக்குக் காற்றும் தண்ணீரும் குறைந்துபோகும். மரம் உடனே சாகாது. சில வருடம் கழித்து உச்சிக்கிளை காயும்போது யாருக்கும் இந்தக் கோர்ட் நினைவுக்கு வராது. பிழைத்துக்கொண்ட மரமோ வேரால் தளத்தைத் தூக்கி விரிசல் விடும். ஆகவே கிளை நிழல் விழும் வட்டத்துக்கு வெளியே தளம், உள்ளே மூடாக்கு. அதுவும் 2 முதல் 4 அங்குலம் போதும். அடிமரத்தை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும்.

தண்ணீர்க் கணக்கை யாரும் போடுவதே இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். பிக்கிள்பால் (சின்ன மட்டையால் துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை நெட்டுக்கு மேல் அடிக்கும் ஆட்டம்) விளையாடச் சுற்றிலும் இடம் விட்டு 30 அடிக்கு 60 அடி தளம் போட்டால், 50 மி.மீ. மழையில் 8,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் வழிந்து வரும். நேற்றுவரை மூடாக்கும் மண்ணும் அதில் பெரும்பகுதியைக் குடித்துக்கொண்டிருந்தன. இனி அது எங்கே போகும்? வீட்டுச் சுவரை நோக்கியா, பக்கத்து வீட்டுக்கா? 10 அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் ஒரே பக்கமாகச் சரிவு கொடுத்து, அந்த ஓரத்தில் ஜல்லி நிரப்பிய வடிகாலோ தண்ணீரை உறிஞ்சும் செடிப்பாத்தியோ அமைத்தாக வேண்டும்.

மூடாக்கின் மேலேயே டைலை விரித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. மட்கும் பொருள் எதுவும் அடியில் இருக்கக் கூடாது. கீழே மட்கினால் மேலே குழி விழும். சில்லையும் கறுத்த மேல்மண்ணையும் வழித்து எடுத்து, ஜல்லி போட்டுக் கெட்டித்து, அதற்கு மேல் சுமார் 4 அங்குலக் கான்கிரீட். வண்ணப்பூச்சு அடிக்க 28 நாள் காத்திருங்கள். அவசரப்பட்டு அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் பூச்சை உரித்துவிடும். வழித்தெடுத்த சில்லைத் தூக்கி எறிய வேண்டாம், மரத்தடிக்கு ஆகும்.

அளவைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. பிக்கிள்பால் விளையாட்டே 1965இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில், ஒரு வீட்டின் பழைய பேட்மின்டன் தளத்தில்தான் பிறந்தது. இரண்டுக்கும் இன்றும் கோடு 20 அடிக்கு 44 அடிதான். அதற்கும் இடமில்லையென்றால் ஒரு கூடைப்பந்து வளையமும் அதன் முன்னால் சின்னத் தளமும் போதும். பிள்ளைகள் அதிலேயே மணிக்கணக்காக விளையாடுவார்கள். நெட் போடுவதாக இருந்தால் தளத்தின் நீளம் வடக்கு தெற்காக இருக்கட்டும், மாலை வெயில் கண்ணில் அடிக்காது. வெயில் அதிகம் விழும் இடத்தில் அடர்நிறம் வேண்டாம், வெறுங்காலோடு நிற்க முடியாது. பந்துச் சத்தத்தையும் விளக்கையும் பற்றி அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், போட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தளம் முழுக்கத் தண்ணீர் விடுங்கள். வெதுவெதுப்பான ஒரு நாளில் ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் எங்கே தேங்கி நிற்கிறதோ, அந்த இடத்தைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.