‘கூலி’ என்று எழுதினால் போதாது

வேலூரில் நான் பார்க்கும் நோயாளிச் சீட்டுகளில் ‘தொழில்’ என்ற இடத்தில் பெரும்பாலும் ‘கூலி’ என்றே எழுதியிருக்கும். மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அடைப்பும் அவ்வப்போது இரத்தக் கசிவுமாகப் பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெரியவரின் சீட்டிலும் அப்படித்தான் இருந்தது. என்ன கூலி வேலை என்று கேட்டபோது, “டேனரியில பஃபிங் மிஷின்ல இருந்தேங்க, விட்டுப் பன்னெண்டு வருஷம் ஆச்சுங்களே” என்றார். தோல் பதனிடும் ஆலையில் தோலின் பரப்பை உரசி மென்மையாக்கும் அந்த இயந்திரத்தின் அருகே நின்றால் மாலைக்குள் இமைமயிர்கூடத் தூசியில் வெளுத்துவிடுமாம். மூக்கை மறைக்க அவரிடம் இருந்தது தோளில் கிடந்த துண்டு மட்டுமே.

தோல் தூசி மூக்கிலும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி. செருப்பு ஒட்டும் பசையில் பென்சீன் கலந்திருந்தால் இரத்தப் புற்றுநோய்க்கு அதுவே காரணமாகலாம். குரோமியத்தைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும்: தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட வகை, நுரையீரல் புற்றுநோயோடு உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்டது ஆறு இணைதிறன் கொண்ட வகை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் (குரோமிய உப்பு) ஆலை விட்டுச்சென்ற கழிவில் இருப்பது இந்த இரண்டாவது வகைதான்.

புகைபோக்கி துடைத்த ஏழைச் சிறுவர்கள் வளர்ந்தபின் அவர்களுக்கு விதைப்பையில் வந்த புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் எழுதினார். அன்றுபோலவே இன்றும், நோய் தலைகாட்டப் பல ஆண்டுகள், சிலருக்கு இருபது முப்பது ஆண்டுகள்கூட ஆகின்றன. அதற்குள் வேலை மாறிவிடுகிறது, ஒப்பந்தக் கூலியாக இருந்தவருக்கு அங்கே வேலை பார்த்ததற்கான தாள்கூட மிஞ்சுவதில்லை.

வறுமை இதில் இரண்டு முறை குறுக்கிடுகிறது. ஆபத்தான வேலைக்கு அனுப்புவதும் அதுவே, மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுப்பதும் அதுவே. குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி என்பதால், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஒரு நாள் வரிசையில் நின்றால் அந்த நாளின் வருமானம் போய்விடுகிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தக்கூடிய அந்த நோய், முற்றியபின் எங்களிடம் வந்து சேரும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. அந்தப் பெரியவரும் எட்டு மாதம் மருந்துக்கடைச் சொட்டு மருந்தோடுதான் காலம் தள்ளியிருந்தார்.

ஒரு பக்க மூக்கில் தொடரும் இரத்தக் கசிவு, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம், மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே வாருங்கள். வரும்போது, விட்டுவிட்ட வேலையாக இருந்தாலும், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டுகள் இருந்தீர்கள், எதைக் கையாண்டீர்கள் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.