சார், ஒரு கேஸ் வந்திருக்கு

போன மார்கழியில் ஒரு நாள் ராத்திரி. நான் குளித்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையிலிருந்து வந்த போனை அம்மா எடுத்திருக்கிறார். "கேஸ் வந்திருக்குங்க, சாரை உடனே வரச் சொல்லுங்க" என்று நர்ஸ் சொல்ல, "இந்நேரத்துலயா? போன வாரம்தானே சிலிண்டர் மாத்துனோம், நாங்க புக் பண்ணவே இல்லையே" என்று அம்மா போனை வைத்துவிட்டார்.

சேலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளில் என் காதில் அதிகம் விழும் சொல் இதுதான். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து, அவசரமாகப் பேசினால் ஏறக்குறைய ஒரே சத்தம். அடுப்பில் எரிவது, வயிற்றில் உருளுவது, ஸ்டேஷனில் பதிவாவது, கோர்ட்டில் வருஷக்கணக்கில் இழுப்பது, என் முன்னால் கட்டிலில் படுத்திருப்பது, மூக்குக்கண்ணாடி வைக்கும் டப்பா, எல்லாமே கேஸ். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் காருக்கு கேஸ் போட்டேன் என்பான். அவன் போடுவது பெட்ரோல். இதெல்லாம் போக, 'அவன் ஒரு மாதிரி கேஸு' என்று ஆட்களைச் சொல்வதும் உண்டு.

வாயுவைக் குறிக்கும் சொல்லை 17ஆம் நூற்றாண்டில் உண்டாக்கியவர் வான் ஹெல்மான்ட். அவரும் ஒரு வைத்தியர்தான். குழப்பம் என்று பொருள்படும் கேயாஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். பொருத்தமான ஆரம்பம். வழக்கைக் குறிக்கும் சொல், விழுவது, நேர்வது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டப்பாவைக் குறிக்கும் கேஸ் வேறு லத்தீன் சொல். அதற்குப் பெட்டி என்று அர்த்தம், நாம் விழுங்கும் கேப்சூலும் அந்த வழிதான். ஆக, நம் ஊரில் 'பெட்டி கேஸ்' என்று சொல்வது ஒரு வகையில் சரியாகவே இருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். வாயு கேஸ் என்றால் மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள், போலீஸ் கேஸ் என்றால் பயந்து ஓடுகிறார்கள். என் அனுபவத்தில் இரண்டுமே தலைகீழ்.

ஓமலூர் பக்கமிருந்து ஒருவர், 55 வயதிருக்கும், விடியற்காலை 5 மணிக்கு மகனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். "கேஸ்தானுங்க டாக்டர். நேத்து சாயங்காலம் ரெண்டு தட்டுவடை செட்டு சாப்பிட்டேன், புடிச்சுக்கிச்சு. ஒரு ஊசியப் போட்டு அனுப்புங்க." வலி ஆரம்பித்தது ராத்திரி 11 மணிக்கு. சோடா குடித்தாயிற்று, ஓமத் தண்ணீர் குடித்தாயிற்று, வீட்டில் இருந்த செரிமான மாத்திரையும் போட்டாயிற்று. ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அந்தக் குளிரில் பைக்கில் வந்தவருக்கு அப்படி வேர்க்கக் கூடாது. இ.சி.ஜி. எடுத்தால், இதயத்தின் கீழ்ச் சுவரில் மாரடைப்பு. ஆறு மணி நேரம் போயிருந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் அதற்குள் செத்துப்போன தசை செத்ததுதான். பாவம் தட்டுவடை, அதன் மேல் பழி.

இதயத்தின் கீழ்ப்பகுதி உட்கார்ந்திருப்பது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானத்தின் மேல். அதற்கு அடியிலேயே வயிறு. இரண்டு இடத்து நரம்புச் செய்தியும் கிட்டத்தட்ட ஒரே பாதையில் மேலே போவதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளைக்கே சரியாகப் பிடிபடாது. அதனால்தான் மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல், வாந்தி, ஏப்பம் என்று மாரடைப்பு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. ஏப்பம் விட்டதும் லேசாச்சு, மருந்து குடித்ததும் குறைந்தது என்பதெல்லாம் இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்களில் சிலருக்கு நெஞ்சு வலியே இருக்காது. மூச்சு வாங்கும், வேர்க்கும், இனம் தெரியாத அசதி, அவ்வளவுதான்.

கேஸ் என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு உண்மையிலேயே கேஸ்தான். சிக்கலே அதில்தான் இருக்கிறது. பத்துத் தடவை கேஸாக இருந்தது பதினோராவது தடவையும் கேஸாகத்தான் இருக்கும் என்ற தைரியம் வந்துவிடுகிறது. கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் அழுத்தம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி, கூடவே வேர்வை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டாதீர்கள், பைக்கின் பின்னாலும் உட்காராதீர்கள். முதல் இ.சி.ஜி. நார்மலாக இருந்தாலும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று எடுப்போம், இதயத் தசை அடிபட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேட்போம். பில்லை ஏற்றுவதற்காக அல்ல. முதல் படத்தில் தெரியாதது இரண்டாவதில் தெரிவது உண்டு.

ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "மேடு ஏறும்போது மட்டும் கேஸ் அடைக்குதுங்க, உக்காந்தா சரியாயிடுது." வாயுவுக்கு மேடு பள்ளம் தெரியாது. ஏறும்போது வந்து உட்கார்ந்தால் போகிற வலி, ரத்தக்குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். மலையில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் அந்த மாத்திரைகள் வேலையை ஆரம்பித்துவிடும்.

மலையில் இன்னொரு கேஸும் உண்டு. சமையல் கேஸ் கசிந்தால் நாறுவதற்காகவே அதில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அடுப்புக்கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு அந்த வசதி கிடையாது. குளிருக்கு இதமாக இருக்கும் என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள்.

இனி அந்த இன்னொரு கேஸ். மலைப்பாதையில் பைக் சறுக்கிக் கிடந்த ஒரு பையனை ஒருமுறை யாரோ ஜீப்பில் கொண்டுவந்து, வாசலில் இறக்கிவிட்டுப் பறந்துவிட்டார்கள். வாட்ச்மேன் கூப்பிட்டதற்கு "கேஸாயிடுமுங்க" என்ற பதில் மட்டும் கேட்டதாம். அடிபட்டு எவ்வளவு நேரம், நடுவில் நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தானா, ஹெல்மெட் இருந்ததா, எதையும் கேட்க ஆள் இல்லை. தலையில் அடிபட்டவனுக்கு இந்த நாலு பதிலும் ஸ்கேனுக்குச் சமம் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

விபத்து என்றால் நாங்கள் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் எழுதுவோம், போலீசுக்குத் தகவல் போகும். அது எங்கள் கடமை. கொண்டுவந்தவர் மேல் போடும் கேஸ் அல்ல. உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு தரும் வழிமுறைகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே சேர்ந்துவிட்டது. பெயரும் போன் நம்பரும் சொல்வது அவரவர் விருப்பம். பணம் கட்டச் சொல்வார்களோ என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இதையெல்லாம் எங்கள் வாசலில் எழுதி வைத்த பிறகு, எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒருவர் அடிபட்ட ஆளோடு உள்ளே வந்தார். எந்த வளைவு, எத்தனை மணி, எந்தப் பக்கம் விழுந்தான் என்று எல்லாம் சொன்னார். டீ குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்றார். கிளம்பும்போது திரும்பி வந்து, "எம் பேரு எங்கயும் எழுதலீங்களே?" என்று கேட்டார். ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினேன். அழைத்து வந்தவர் என்ற இடத்தில் 'வழிப்போக்கர்' என்று மட்டும் இருந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் டீயைக் கையில் எடுத்தார்.