சோடியம் சும்மா கொடுப்பதில்லை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கம் போனால் மரக்காணத்தில் உப்பளங்கள் வரும். அங்கே குவித்திருக்கும் உப்பில் ஒவ்வொரு சோடியமும் ஓர் எலக்ட்ரானை இழந்து நிற்கிறது. சோடியம் எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுத்துவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதிதான் சரி. வாயு நிலையில் உள்ள ஒரு மோல் (சுமார் 6×10²³ அணுக்கள்) சோடியத்தில் அணுவுக்கு ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவழிக்க வேண்டும். இதுதான் முதல் அயனியாக்கும் ஆற்றல். சும்மா கொடுக்கும் தனிமம் எதுவுமே கிடையாது. சீசியத்துக்குக்கூட 376 ஆகும்.

ஆனாலும் சோடியம் மலிவுதான். அதன் 11 எலக்ட்ரான்களில் 10 உள்கூடுகளில் இருந்துகொண்டு அணுக்கருவின் இழுப்பைப் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன. வெளியே இருப்பது ஒன்றே ஒன்று. தனிம அட்டவணையில் அதே வரிசையில் வலப்பக்கம் நகர நகரப் புரோட்டான்கள் கூடும். புதிதாக வரும் எலக்ட்ரான்களோ அதே வெளிக்கூட்டில் சேர்வதால் ஒன்றையொன்று அவ்வளவாக மறைப்பதில்லை. அணு சுருங்கும், பிடி இறுகும்: குளோரினுக்கு 1251, ஆர்கானுக்கு 1521. கீழே இறங்கினால் கூடுகளின் எண்ணிக்கையும் தூரமும் அதிகமாகி, பொட்டாசியத்தில் 419தான்.

இந்த ஏற்றம் ஒரே சீராக இருக்காது. சுவையான இடமே அதுதான். மெக்னீசியத்துக்கு 738, அடுத்த வீட்டு அலுமினியத்துக்கு 578. அலுமினியத்தின் கடைசி எலக்ட்ரான் எஸ் ஆர்பிட்டாலை (கூட்டுக்குள் எலக்ட்ரான் உலவும் பகுதி) விட்டு, ஆற்றல் கூடிய பி ஆர்பிட்டாலில் இருப்பதால் எளிதில் கழன்றுவிடும். அப்புறம் பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000. பாஸ்பரஸில் மூன்று பி எலக்ட்ரான்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. கந்தகத்தில் நான்காவது வந்து ஒன்றோடு ஜோடி சேர வேண்டும். அந்த நெருக்கடியில் விலக்குவிசை கூடிவிடுகிறது.

சோடியத்திடம் இரண்டாவது எலக்ட்ரானைக் கேட்டுப் பாருங்கள்: 4562! நிறைந்த உள்கூட்டை உடைக்க வேண்டுமே. உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் உள்ள மெக்னீசியமோ இரண்டை இழந்திருக்கும், இரண்டாவதுக்கு 1451தான். மூன்றாவதுக்கு 7733 என்பதால் அதோடு நின்றுவிடும்.

சரி, சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பு உருவாகும்போது அந்த 496ஐக் கொடுப்பது யார்? எலக்ட்ரானை வாங்கும்போது குளோரின் வெளிவிடுவது 349 கிலோஜூல்தான். இன்னும் 147 துண்டு விழுகிறது. நேர் அயனியும் எதிர் அயனியும் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது மோலுக்குச் சுமார் 787 கிலோஜூல் வெளிவருகிறது. கடன் அடைவது அங்கேதான். சோடியத்தின் தாராளத்தால் அல்ல.